பள்ளியில் புதிய சயின்ஸ் ஸ்டாண்டர்ட்ஸ் கொண்டுவரும் பொறுப்பு உங்களிடம் வந்தால்: அமெரிக்காவில் பணிபுரியும் தமிழ் ஆசிரியர்களுக்கு

அமெரிக்கப் பள்ளியில் சயின்ஸ் டீச்சராகச் சேர்ந்து ஓரிரு வருடம் தாண்டியதும் நம்மவர்களில் பலருக்கு ஒரு கூடுதல் வேலை வந்து சேர்கிறது. "உங்களுக்குத்தான் பாடம் நன்றாகத் தெரியுமே, இந்த என்ஜிஎஸ்எஸ் விஷயத்தை நீங்களே முன்னால் நின்று பார்த்துக்கொள்ளுங்கள்" என்று பிரின்சிபல் சொல்லிவிடுவார், நாமும் தலையாட்டிவிடுவோம். என்ஜிஎஸ்எஸ் என்பது நெக்ஸ்ட் ஜெனரேஷன் சயின்ஸ் ஸ்டாண்டர்ட்ஸ், அறிவியலில் மாணவர் எந்தக் கட்டத்தில் எதைச் செய்துகாட்ட வேண்டும் என்று சொல்லும் பட்டியல். சிலருக்கு இதற்கு ஸ்டைபெண்ட் உண்டு, பலருக்கு நன்றி மட்டும்தான். என் நடுநிலைப் பள்ளியில் இந்த வேலை என்னிடம் வந்தபோது எதை முதலில் படிப்பது, பணத்தை எந்தத் தலைப்பில் கேட்பது, எந்த மாதத்துக்குள் கேட்பது என்று சொல்ல ஆளே இல்லை. சுற்றிச் சுற்றி அலைந்து தெரிந்துகொண்டதை இங்கே வரிசையாக எழுதுகிறேன். இது ஏன் வந்தது, நல்லதா கெட்டதா என்ற விவாதம் இங்கே கிடையாது.

1. உங்கள் மாநிலத்தின் ஆவணம் எது என்று முதலில் பாருங்கள்

இதைத் தவிர்த்துவிட்டு நேரே வேலையில் இறங்குபவர்கள்தான் பிற்பாடு அதிகம் கஷ்டப்படுகிறார்கள். என்ஜிஎஸ்எஸ் 2013-இல் வெளிவந்தது. 20 மாநிலங்களும் வாஷிங்டன் டி.சி.யும் அதை ஏற்றுக்கொண்டன. வேறு பல மாநிலங்கள் அதற்கு அடிப்படையாக இருந்த 2012-ஆம் ஆண்டின் ஃபிரேம்வொர்க் என்ற வழிகாட்டிப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு தங்களுக்கென்று சொந்தமாக எழுதிக்கொண்டன. நியூயார்க் 2016 டிசம்பரில் அப்படி ஒன்றை ஏற்றது. மாசசூசெட்ஸ், நடுநிலை வகுப்புகளை 6, 7, 8 என்று தனித்தனியாகப் பிரித்துத் தன் பட்டியலைப் போட்டது. நியூஜெர்சி 2020-இல் பருவநிலை மாற்றத்தைப் பல பாடங்களுக்குள்ளும் கொண்டுவந்தது. டெக்சாஸ் இந்தக் கூட்டத்திலேயே இல்லை, அங்கே டீக்ஸ் என்ற தனி ஏற்பாடு.

அதனால் மாநிலக் கல்வித்துறையின் தளத்திலிருந்து நேரடியாக இறக்கிய கோப்பு மட்டுமே உங்கள் கையில் இருக்கட்டும். வேறு மாநிலத்து நண்பர் அனுப்பியது, ஏதோ கம்பெனி அழகாக வடிவமைத்துத் தந்தது, இரண்டும் வேண்டாம். குறியீட்டு எண் ஒன்றாகவே இருக்கும், உள்ளே வாசகம் கொஞ்சம் மாறியிருக்கும், வருடக் கடைசியில்தான் அது கண்ணில் படும்.

2. ஒரே ஒரு பக்கத்தை முழுசாகப் படித்துப் பழகுங்கள்

மொத்த ஆவணத்தையும் படிக்க உட்கார்ந்தால் தூக்கம்தான் வரும். ஒரு பக்கத்தை எடுத்துக்கொண்டு அதில் இருக்கும் ஒவ்வொரு பெட்டியும் எதற்கு என்று தெரிந்துகொள்ளுங்கள், மற்ற பக்கங்கள் தானாகப் புரியும்.

மேலே இருப்பது பெர்ஃபார்மன்ஸ் எக்ஸ்பெக்டேஷன், சுருக்கமாக பி.ஈ. மாணவர் பாடம் முடிந்தபின் என்ன செய்துகாட்ட வேண்டும் என்பது. அதற்கு ஒரு குறியீடு உண்டு. எம்எஸ்-பிஎஸ்1-2 என்றால் நடுநிலைப் பள்ளி, இயற்பியல் அறிவியல், முதல் கருத்து, இரண்டாவது பி.ஈ. கீழே மூன்று நிறங்களில் பெட்டிகள்: நீலம் என்பது அறிவியல் செய்யும் முறைகள், இவை மொத்தம் 8. ஆரஞ்சு என்பது பாடக்கருத்து. பச்சை என்பது எல்லாப் பிரிவுகளுக்கும் பொதுவான சிந்தனைகள், காரணமும் விளைவும் போன்றவை, இவை 7. பி.ஈ. என்பது இந்த மூன்றும் சேர்ந்த ஒரு செயல்.

பலரும் ஆரஞ்சுப் பெட்டியை மட்டும் படித்துவிட்டு "இதைத்தானே இத்தனை வருடமாக நடத்துகிறோம்" என்று மூடிவைத்துவிடுவார்கள். எம்எஸ்-பிஎஸ்1-2-ஐயே பாருங்கள். வேதிவினை பற்றிய பாடம்தான், ஆனால் கேட்பது என்ன? பொருள்கள் ஒன்றோடொன்று வினைபுரிவதற்கு முன்னும் பின்னும் எடுத்த தரவை ஆராய்ந்து, வேதிவினை நடந்ததா இல்லையா என்று மாணவர் முடிவு செய்ய வேண்டும். வேதிவினையின் அடையாளங்களைப் பட்டியலாக ஒப்பிக்கும் பிள்ளைக்கு இதில் மதிப்பெண் கிடையாது.

அடுத்து, பி.ஈ.க்குக் கீழே சின்ன சிவப்பு எழுத்தில் இரண்டு குறிப்புகள் இருக்கும். ஒன்று விளக்கக் குறிப்பு, இன்னொன்று மதிப்பீட்டு எல்லை. அந்த எல்லையைப் படிக்காமல் விடாதீர்கள், உங்களுக்கு நேரம் மிச்சமாவது அங்கேதான். எம்எஸ்-பிஎஸ்1-2-க்கு எல்லை என்ன என்றால் அடர்த்தி, உருகுநிலை, கொதிநிலை, கரைதிறன், எரியும் தன்மை, மணம், இவ்வளவுதான். ஐந்தாம் வகுப்பின் 5-பிஎஸ்1-1 இன்னும் நல்ல உதாரணம். கண்ணுக்குத் தெரியாத அளவு சிறிய துகள்களால் பொருள் ஆனது என்று ஒரு மாதிரியை வைத்து விளக்க வேண்டும், ஆனால் அந்தத் துகள் என்னவென்று வரையறுக்கச் சொல்வது எல்லைக்கு வெளியே. அதாவது அணு, மூலக்கூறு என்றெல்லாம் ஐந்தாம் வகுப்புப் பிள்ளையிடம் தேர்வு வைக்கத் தேவையில்லை. நம் ஊரில் படித்துவந்த நமக்கு இது கொஞ்சம் உறுத்தும். ஐந்தாவதிலேயே அணு அமைப்பைப் படம் வரைந்து பாகம் குறித்தவர்கள் நாம். அந்த உறுத்தலோடு வகுப்புக்குப் போனால் மூன்று வாரம் கூடுதலாக நடத்திவிட்டு ஏப்ரலில் ஓட வேண்டியிருக்கும்.

கையில் இருக்க வேண்டிய காகிதங்கள் இவைதான்: மாநிலத்தின் ஸ்டாண்டர்ட்ஸ் கோப்பு; அப்பெண்டிக்ஸ் ஈ, எஃப், ஜி (பாடக்கருத்து, முறைகள், பொதுச் சிந்தனைகள் ஆகிய ஒவ்வொன்றும் வகுப்புக்கு வகுப்பு எப்படி வளர்கிறது என்று சொல்பவை); நீங்கள் நடத்தும் பி.ஈ.க்களுக்கான எவிடென்ஸ் ஸ்டேட்மென்ட்ஸ் (மாணவரின் வேலையில் எதைப் பார்க்க வேண்டும் என்று சொல்பவை); ஃபிரேம்வொர்க் புத்தகத்தின் 3, 4-ஆம் அத்தியாயங்கள். எல்லாமே இலவசம். ஃபிரேம்வொர்க்கை நேஷனல் அகாடமீஸ் பிரஸ் தளத்திலேயே பிடிஎஃப் ஆக இறக்கிக்கொள்ளலாம், அச்சுப் புத்தகத்துக்குப் பணம் செலவழிக்க வேண்டாம்.

3. தேர்விலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள்

2015-ஆம் ஆண்டின் எஸ்ஸா என்ற ஃபெடரல் கல்விச் சட்டப்படி 3–5, 6–9, 10–12 என்ற ஒவ்வொரு தொகுதியிலும் ஒரு முறையாவது மாநில அறிவியல் தேர்வு நடக்க வேண்டும். எந்த வகுப்பு என்பதை மாநிலம் முடிவு செய்யும். கலிஃபோர்னியாவில் 5, 8, அப்புறம் உயர்நிலையில் ஒரு முறை. உங்கள் மாநிலத்தில் எது என்று பார்த்து, அந்த வகுப்பில் தேர்வு வசந்த காலத்தில் எந்த வாரம் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இப்போது சிக்கலான இடத்துக்கு வருகிறோம். என்ஜிஎஸ்எஸ்ஸில் ஐந்தாம் வகுப்பு வரை எது எந்த வருடம் என்று எழுதியிருக்கிறது. நடுநிலைக்கு 6 முதல் 8 வரை மொத்தமாக ஒரே தொகுப்பு, உயர்நிலைக்கும் அப்படியே. எதை ஆறில் வைப்பது, எதை எட்டில் வைப்பது என்று மாநிலமோ டிஸ்ட்ரிக்டோ (பள்ளிகளை நடத்தும் உள்ளூர் நிர்வாகம்) முடிவு செய்யும். சில இடங்களில் ஒரு வருடம் உயிரியல், ஒரு வருடம் புவி அறிவியல் என்று பிரிப்பார்கள். சில இடங்களில் ஒவ்வொரு வருடமும் எல்லாம் கலந்து வரும். கலிஃபோர்னியா கலந்து நடத்துவதையே விரும்புகிறது.

வரிசையை மாற்றும் வருடத்தில் நடுவில் மாட்டிக்கொள்ளும் மாணவர்களை யாரும் யோசிப்பதில்லை. பழைய வரிசைப்படி ஆறாவதில் புவி அறிவியல் முடித்த பிள்ளை, புதிய வரிசைப்படி ஏழாவதில் அதில் பாதியை மறுபடி படிப்பான், உயிரியலில் ஒரு பகுதியைப் படிக்காமலேயே எட்டாவது தேர்வுக்குப் போவான். இதற்கு ஒரு அட்டவணை போட்டுவிடுங்கள். மேலே பி.ஈ. எண்கள், பக்கவாட்டில் இப்போது 5, 6, 7-இல் இருக்கும் ஒவ்வொரு செட் மாணவர்கள், எந்த செட் எதை எந்த வருடம் படிக்கும் என்று கட்டம் கட்டமாக நிரப்புங்கள். காலியாக நிற்கும் கட்டங்கள்தான் நீங்கள் தனியாக அடைக்க வேண்டிய ஓட்டைகள். ஒரு மாலை நேர வேலைதான், ஆனால் பிரின்சிபலிடம் இதைக் காட்டியபின் நீங்கள் கேட்கும் நேரமும் பணமும் கிடைப்பது சுலபமாகிறது.

மொத்த மாற்றத்துக்கும் இரண்டு முதல் மூன்று கல்வியாண்டு என்று முதல் கூட்டத்திலேயே சொல்லிவிடுங்கள். ஒரே வருடத்தில் முடிக்கச் சொன்னால் எழுத்தில் கேளுங்கள்.

4. இரண்டு மூன்று பேர், ஒரு யூனிட்

எல்லா ஆசிரியரையும் நூலகத்தில் உட்காரவைத்து மதியம் முழுக்க ஸ்லைடு காட்டுவதுதான் வழக்கமான பி.டி., அதாவது ஆசிரியர் பயிற்சி. அதில் ஒன்றும் நடப்பதில்லை. கைதட்டுவார்கள், பழைய ஃபைலைத் திறப்பார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது, இதற்கு முன் இப்படி வந்துபோன எத்தனையோ புதுமைகளைப் பார்த்தவர்கள். "இதுவும் போய்விடும்" என்று அவர்கள் நினைப்பதற்குக் காரணம் இருக்கிறது.

விருப்பமுள்ள இரண்டு மூன்று பேரைப் பிடியுங்கள். அதில் ஒருவராவது சீனியராக, மற்றவர்கள் மதிப்பவராக இருக்க வேண்டும், கேள்வி கேட்டுக் குடைபவராக இருந்தால் இன்னும் நல்லது. அவர்கள் ஆறு முதல் எட்டு வாரம் ஓடும் ஒரு யூனிட்டை மட்டும் புது முறையில் நடத்தட்டும். நடத்துவதற்கு முன் அந்த யூனிட்டின் முதல் பாடத்தை அவர்களே மாணவர்களாக உட்கார்ந்து செய்து பார்க்க வேண்டும். குறிப்பு எழுதாமல், விடை சொல்லாமல், பிள்ளைகள் மாதிரியே தடுமாறிப் பார்க்க வேண்டும். நாற்பது ஸ்லைடு செய்யாததை இந்த ஒரு மணி நேரம் செய்யும்.

அப்புறம் மாணவர் எழுதியதையும் வரைந்ததையும் மேசையில் போட்டு எல்லோரும் சேர்ந்து பாருங்கள். எவிடென்ஸ் ஸ்டேட்மென்ட்ஸ் பயன்படும் இடம் இதுதான். எதை எதிர்பார்த்தோம், எது வந்திருக்கிறது என்று வரி வரியாக ஒப்பிடலாம். பாடம் எழுத அதை வைத்து உட்கார்ந்தால் குழப்பம்தான் மிஞ்சும், அது யூனிட் முடிவில் மாணவர் எங்கே இருக்க வேண்டும் என்று மட்டும் சொல்வது.

அடுத்த வருடம் மற்றவர்களுக்குச் சொல்லித்தருவது இந்த இரண்டு மூன்று பேர்தான், நீங்கள் இல்லை. பக்கத்து வகுப்பு டீச்சர் சொன்னால் நம்புவார்கள்.

5. பழைய பாடத்துக்குப் புது எண் ஒட்டுவது

இதைக் கிராஸ்வாக் என்பார்கள். பழைய பாடப் பட்டியல் இடது பக்கம், புது பி.ஈ. எண் வலது பக்கம், நடுவில் கோடு. டிஸ்ட்ரிக்டில் இதைத்தான் முதலில் கேட்பார்கள். கொடுத்துவிடுங்கள், ஆனால் அதோடு வேலை முடிந்தது என்று யாரையும் நினைக்க விடாதீர்கள், ஏனென்றால் அதில் ஆரஞ்சுப் பெட்டி மட்டும்தான் ஒத்துப்போயிருக்கும்.

ஒரு யூனிட் நிஜமாகவே மாறியிருக்கிறதா என்று பார்க்க ஈக்விப் என்ற ரூப்ரிக் (மதிப்பீட்டு அளவுகோல்) இருக்கிறது, இலவசம்தான். முழுதாக நிரப்ப நேரம் பிடிக்கும். முதல் வருடம் அதன் முதல் பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டால் போதும்.

இன்னொரு பொறி, "ஃபினாமினன்" என்ற பெயரில் வகுப்பை வாய்பிளக்க வைக்கும் வித்தைகளைக் காட்டுவது. நுரை பொங்கும், பிள்ளைகள் கத்துவார்கள், அடுத்த நாள் வழக்கம்போல் பாடப்புத்தகம். யூனிட் முழுக்க மாணவர் திரும்பத் திரும்ப வந்து விளக்க முயலும் நிகழ்வாக அது இருக்க வேண்டும். நீராவியால் உள்ளே கழுவி, மூடி, ஆறவிட்ட ரயில் டேங்கர் வண்டி தானாக நசுங்கும் வீடியோ பலரும் பயன்படுத்துவது. யாரும் தொடவில்லை, ஏன் நசுங்கியது? இதை விளக்கத் துகள்களின் இயக்கம், வெப்பநிலை, நிலைமாற்றம் மூன்றும் வேண்டும், எம்எஸ்-பிஎஸ்1-4 கேட்பதும் அவைதான். சாதாரண விஷயங்களும் ஆகும். சின்ன விதை பெரிய மரமாகும்போது அந்த எடை எங்கிருந்து வந்தது என்று கேட்டுப்பாருங்கள், மண்ணிலிருந்து என்று பெரியவர்களே சொல்வார்கள்.

எட்டு முறைகளையும் ஒவ்வொரு பாடத்திலும் திணிக்கவும் வேண்டாம். ஒரு யூனிட்டில் இரண்டு, மூன்று முறைகளை ஆழமாகச் செய்தால் போதும்.

6. புத்தகம், கிட் வாங்கும் முன்

"என்ஜிஎஸ்எஸ் அலைன்ட்" என்ற ஸ்டிக்கரை எந்தக் கம்பெனியும் ஒட்டிக்கொள்ளலாம். எட்ரிப்போர்ட்ஸ் தளத்தில் பாடத்திட்டங்களின் மதிப்பாய்வு இலவசமாகக் கிடைக்கும், பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நிறம் போட்டிருப்பார்கள். விற்பனைப் பிரதிநிதியைச் சந்திக்கும் முன்பே அதைப் படித்துவிடுங்கள். சந்திக்கும்போது ஒரே ஒரு முழு யூனிட்டைக் கேளுங்கள், மாதிரிப் பாடம் ஒன்று போதாது.

ஓப்பன்சைஎட் பாடங்கள் டிஜிட்டலாக இலவசம், நகலெடுக்கவும் மாற்றவும் உரிமம் உண்டு, நடுநிலைக்கும் உயர்நிலைக்கும் இருக்கிறது. இலவசம் என்றதும் செலவே இல்லை என்று பட்ஜெட்டில் எழுதிவிடாதீர்கள். ஆய்வுப் பொருள் கிட் தனியாக வாங்க வேண்டும், மாணவர் தாள்கள் அச்சடிக்க வேண்டும், பயிற்சி தருபவருக்குப் பணம் வேண்டும். கிட் எதுவானாலும் தீர்ந்துபோகும் பொருள்களை வருடாவருடம் நிரப்ப வேண்டியிருக்கும். இந்த நிரப்பும் செலவை முதல் கொட்டேஷனிலேயே தனி வரியாக எழுதித் தரச் சொல்லுங்கள். இரண்டாம் வருடம் பல பள்ளிகளில் கிட்கள் அலமாரியிலேயே கிடப்பதற்குக் காரணம் பேட்டரியும் இண்டிகேட்டர் கரைசலும் தீர்ந்துபோனதுதான், ஆசிரியரின் சோம்பேறித்தனம் இல்லை.

7. பணம்: யாரிடம், எப்போது

பெரும்பாலான டிஸ்ட்ரிக்ட்களில் நிதியாண்டு ஜூலை 1-இல் தொடங்குகிறது. அதாவது வரும் வருடத்துக்கான கோரிக்கை முந்தைய குளிர்காலத்திலேயே போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். ஏப்ரலில் போய்க் கேட்டால் "நல்ல யோசனை, அடுத்த வருடம்" என்ற பதில்தான். உங்கள் டிஸ்ட்ரிக்டின் கடைசித் தேதியை செப்டம்பரிலேயே அலுவலகத்தில் கேட்டு வாங்குங்கள்.

பெரிய செலவு நேரம். 4 ஆசிரியர்கள் வருடத்துக்கு 5 நாள் வெளியே உட்கார்ந்து திட்டமிட்டால் 20 நாளுக்கு சப் டீச்சர் (மாற்று ஆசிரியர்) சம்பளம். இதற்கும், பயிற்சிக் கட்டணத்துக்கும், கோடைக்கால ஸ்டைபெண்டுக்கும் டைட்டில் டூ, பார்ட் ஏ என்ற ஃபெடரல் நிதியைக் கேட்கலாம். ஆசிரியர் பயிற்சிக்கென்றே இருக்கும் நிதி அது. டைட்டில் ஃபோர், பார்ட் ஏ-விலும் ஸ்டெம் பாடங்களுக்கு இடம் உண்டு. ஒரு நிபந்தனையை மட்டும் நினைவில் வையுங்கள்: இதுவரை உள்ளூர்ப் பணத்தில் நடந்த ஒன்றை நிறுத்திவிட்டு அதே செலவை ஃபெடரல் பணத்துக்கு மாற்றக் கூடாது, கூடுதலாகச் செய்வதற்குத்தான் அந்தப் பணம். கோரிக்கைக் கடிதத்தில் இது புதிய வேலை என்று தெளிவாக ஒரு வரி இருக்கட்டும். தனியார் பள்ளியில் இருப்பவர்களும் விட்டுவிட வேண்டாம், லாப நோக்கமில்லாத தனியார் பள்ளி ஆசிரியர்களுக்கும் டைட்டில் டூ பயிற்சியில் பங்கு உண்டு, டிஸ்ட்ரிக்ட் உங்கள் பள்ளியோடு கலந்து பேச வேண்டும் என்பது சட்டம்.

கோரிக்கையோடு இணைக்க வேண்டியவை: 3-ஆம் பகுதியில் சொன்ன அட்டவணை, கொட்டேஷன், பயிற்சித் தேதிகள், பங்கேற்கும் ஆசிரியர் பெயர்கள், சப் தேவைப்படும் நாட்கள். புதிய வெண்டர் என்றால் டிஸ்ட்ரிக்டில் அவரைப் பதிவு செய்யவே வாரங்கள் ஆகலாம். பர்ச்சேஸ் ஆர்டர் வருவதற்கு முன் எதையும் உங்கள் கார்டில் வாங்காதீர்கள். பிறகு திருப்பித் தருகிறோம் என்று வாய்மொழியாகச் சொன்னது அலுவலகத்தில் செல்லாது.

சின்னச் சின்னப் பொருள்களுக்கு டோனர்ஸ்சூஸ் என்ற நன்கொடைத் தளம் இருக்கிறது, பொதுப்பள்ளி ஆசிரியர்கள் அங்கே கோரிக்கை வைக்கலாம். கைக்காசு போட்டே ஆக வேண்டியிருந்தால் ரசீதுகளை எடுத்து வையுங்கள், வருடத்துக்கு 900 மணி நேரமாவது பள்ளியில் வேலை செய்யும் ஆசிரியர் தன் ஃபெடரல் வரிக் கணக்கில் ஒரு குறிப்பிட்ட தொகை வரை கழித்துக்கொள்ளலாம், 2022 முதல் 2025 வரையிலான கணக்குகளுக்கு அது 300 டாலராக இருந்தது.

8. லேப்

புது முறையில் மாணவர் கையில் பொருள் அதிகம் வரும், அதனால் இதைக் கொஞ்சம் கவனியுங்கள். வேதிவினைப் பாடத்துக்கான விளக்கக் குறிப்பிலேயே ஸ்டீல் வூல் எரிப்பதும், துத்தநாகத்தை ஹைட்ரஜன் குளோரைடோடு சேர்ப்பதும் உதாரணமாக இருக்கின்றன. இரண்டாவதில் வருவது ஹைட்ரஜன், பக்கத்தில் சுடர் இருக்கக் கூடாது. டிஸ்ட்ரிக்டில் அனுமதிக்கப்பட்ட ரசாயனப் பட்டியல் இருக்கும், வாங்கும் முன் பாருங்கள். ஒவ்வொன்றுக்கும் சேஃப்டி டேட்டா ஷீட் ஃபைலில் வேண்டும். பாதுகாப்புக் கண்ணாடியில் இசட்87 குறி இருந்தால் மட்டும் போதாது, திரவம் தெறிக்கும் சோதனைக்கு டி3 குறியும் உள்ள காகிள்ஸ் வேண்டும். எதையாவது எரிக்கப் போகிற நாளில் அலுவலகத்துக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், ஸ்மோக் டிடெக்டர் அடித்து மொத்தப் பள்ளியும் மைதானத்தில் போய் நின்றால் அதற்கப்புறம் உங்கள் யூனிட்டை யாரும் தொட மாட்டார்கள்.

9. மதிப்பெண்ணும் பெற்றோரும்

பாடம் மாறி டெஸ்ட் மாறாவிட்டால் பிள்ளைகள் டெஸ்டுக்குத்தான் படிப்பார்கள். முதல் வருடத்தில் யூனிட்டுக்கு ஒரு கேள்வியையாவது, மாணவர் பார்த்திராத தரவைக் கொடுத்து முடிவும் காரணமும் எழுதச் சொல்வதாக மாற்றுங்கள். திருத்த நேரம் பிடிக்கும், அந்த நேரத்தையும் சேர்த்துத்தான் நாட்களைக் கேட்க வேண்டும்.

பெற்றோரிடமிருந்து வரும் முதல் கேள்வி "டெக்ஸ்ட்புக் எங்கே?" என்பதுதான். நம் தமிழ்ப் பெற்றோர்தான் இதை முதலில் கேட்பார்கள், என் அனுபவம். நல்ல மதிப்பெண் வாங்கிக்கொண்டிருந்த பிள்ளைக்கு திடீரென்று பி வந்தால் இமெயில் கட்டாயம் வரும். செப்டம்பரில் நடக்கும் பேக் டு ஸ்கூல் நைட்டிலேயே ஒரு பழைய கேள்வியையும் ஒரு புதிய கேள்வியையும் ஒரே தாளில் அச்சடித்துக் கொடுத்துவிடுங்கள்.

10. மே மாதத்தில் செய்ய வேண்டியது

பள்ளி மூடும் முன், எல்லோரும் கிளம்பும் அவசரத்தில் இது விடுபட்டுவிடும். கிட்களை எண்ணி, தீர்ந்தவற்றின் பட்டியலை எழுதி, ஜூலை 1 ஆனதும் போகும்படி ஆர்டரைத் தயாராக வைத்துவிட்டுப் போங்கள். மாணவர் வேலையின் நல்ல, சுமாரான, மோசமான மாதிரிகளைப் பெயர் மறைத்து ஸ்கேன் செய்து பகிர்ந்த ஃபோல்டரில் போடுங்கள். யூனிட் நடத்திய ஆசிரியர்களிடம் எந்தப் பாடம் இழுத்தது, எதை வெட்டலாம் என்று கோடை விடுமுறைக்கு முன்பே எழுதி வாங்கிவிடுங்கள், ஆகஸ்டில் கேட்டால் ஒருவருக்கும் நினைவிருக்காது.